வைரஸுக்குப் பின்னால் வந்த இரண்டாவது எதிரி



கொரோனா காலத்தில் நெருங்கியவர்களைத் தூத்துக்குடியிலோ திருநெல்வேலியிலோ சேர்த்துவிட்டு, போனுக்காகக் காத்திருந்த இரவுகளை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். தேறி வந்தவர் திடீரென்று மோசமானார் என்றும் கேள்விப்பட்டோம். ஏன் அப்படி?

1918-இல் பம்பாய்த் துறைமுகம் வழியாக வந்த இன்ஃபுளுவென்சா, நம் நாட்டில் ஒரு கோடிக்கும் அதிகமானோரைக் கொன்றது. அந்த நோயில் இறந்தவர்களின் நுரையீரல் திசுக்களை அமெரிக்க ஆய்வாளர்கள் மறுபடி சோதித்து, 2008-இல் முடிவை வெளியிட்டார்கள். வைரஸ் புண்ணாக்கிய நுரையீரலில் பாக்டீரியா புகுந்ததே பெரும்பாலோரின் உயிரைக் குடித்தது. அப்போது பெனிசிலின்கூட கிடையாது. அது 1928-இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது.

2020-இல் மருந்துகள் இருந்தன. ஆனால் பல கிருமிகள் அவற்றுக்கு அடங்கவில்லை. அந்த ஆண்டு 10 மருத்துவமனைகளில் சேர்ந்த 17,534 கொரோனா நோயாளிகளை ஐ.சி.எம்.ஆர். ஆராய்ந்தது. இரண்டாவது தொற்று வந்தவர்கள் 3.6 சதவீதம்தான். அவர்களில் 56.7 சதவீதம் பேர் இறந்தார்கள். மொத்த நோயாளிகளில் இறந்தவர்கள் 10.6 சதவீதம். அதிகம் தென்பட்டவை கிளெப்சியெல்லா, அசினெட்டோபாக்டர். இரண்டும் வார்டில் குழாய் வழியாகவும் கை வழியாகவும் பரவுபவை.

கை கழுவினால் வார்டு மரணம் குறையும் என்று வியன்னாவில் டாக்டர் செம்மல்வைஸ் காட்டியது 1847-இல்!

ஆஸ்பத்திரியில் படுத்தவரைப் போய்ப் பார்க்காவிட்டால் நம் பக்கம் மனத்தாங்கல் ஆகிவிடும். போங்கள், கூட்டமாக வேண்டாம். சளி, இருமல் இருந்தால் போனில் விசாரியுங்கள். நுழையும்போதும் திரும்பும்போதும் கை கழுவுங்கள். கட்டிலில் உட்காராதீர்கள். சாதாரண ஜலதோஷத்துக்கு மெடிக்கலில் நீங்களாக ஆன்டிபயாட்டிக் வாங்காதீர்கள். நாளை நமக்கே அந்த மருந்து வேலை செய்ய வேண்டுமே!