கல்கத்தா ரூபாயில் ஒரு ரக்பி கோப்பை

கும்மிடிப்பூண்டி உலைகளில் இரும்பு உருகுவதை நம்ம கடம்பத்தூர்க்காரர்கள் அறிவோம். ஒரு கிளப்பே உருகிக் கோப்பையான கதை தெரியுமா, நண்பர்களே?

1873-ல் கல்கத்தாவில் ஆங்கிலேயர்கள் ரக்பி கிளப் தொடங்கினார்கள். வெயில் ஒத்துக்கலை, ஆட்கள் போலோ, டென்னிஸ் பக்கம் போய்விட்டார்கள். 1878-ல் மூடும்போது கையிருப்பை ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்துக்கொள்ளவில்லை. 270 வெள்ளி ரூபாயை உருக்கி, மூன்று நாகப்பாம்புக் கைப்பிடிகளும் மூடிமேல் யானையுமாகக் கோப்பை செய்து, இங்கிலாந்து ரக்பி யூனியனுக்குக் கொடுத்தார்கள். கிளப் போட்டிக்கு வைக்கச் சொன்னார்கள். யூனியனோ இங்கிலாந்து–ஸ்காட்லாந்து ஆட்டத்துக்கு வைத்தது. 1879 முதல் அதுதான் 'கல்கத்தா கோப்பை'. இங்கிலாந்தில் கிளப் லீக் வந்ததே 1987-ல்தான்!

விழாவில் மிஞ்சுற பணத்தில், இன்றைய மாணவர்கள் ஆடி ஜெயிக்க நாமும் ஒரு கோப்பை செய்வோமா?