நேர்த் தகடு திரும்பிய கதை

முன்புறம் திறக்கும் சலவை இயந்திரத்தில் அழுக்கு நீர் அடியில் தேங்கும். அதை மேலேற்றி வெளியேற்றுவது வடிகால் பம்பு. பழுதான பம்பை மாற்ற நேர்ந்தால், அதனுள் சற்று நோக்குங்கள். சிறிய சுழலியில் நேரான தகடுகள் இருக்கும். அந்த எளிய வடிவத்திற்குப் பின்னே ஒரு வரலாறு உண்டு.

நீரைச் சுழற்றி வெளியே தள்ளும் மையவிலக்குப் பம்பை 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மனியில் உருவாக்கியவர்களுள் முக்கியமானவர் டெனிஸ் பாப்பின். 1851-இல் லண்டன் மாபெரும் கண்காட்சியில் ஜான் அப்போல்ட் என்பவர் வளைந்த தகடுகள் கொண்ட பம்பைக் காட்டினார். சோதனையில் அதன் திறன் 68 விழுக்காடு. நேர்த் தகடுகளுக்குக் கிடைத்ததோ 24 மட்டுமே! வளைவே வென்றது.

பிறகு நேர்த் தகடு ஏன் திரும்பியது? 1937-இல் பெண்டிக்ஸ் நிறுவனம் முன்புறம் திறக்கும் தானியங்கிச் சலவை இயந்திரத்தை அறிமுகப்படுத்தியது. இவ்வகை இயந்திரங்கள் பலவற்றின் வடிகால் பம்பில் பின்னாளில் நிலைக்காந்த மோட்டார் இடம்பெற்றது. இது எளியது, மலிவானது; ஆனால் எத்திசையில் சுழலத் தொடங்கும் என்று சொல்ல முடியாது. வளைந்த தகடு ஒரு திசைக்கே ஏற்றது. நேர்த் தகட்டிற்கு இரு திசையும் ஒன்றே. நீர் ஏறவேண்டிய உயரமும் ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். எனவே திறன் குறைந்தாலும் பாதகமில்லை.

இதை அறிந்தால் வீண் செலவும் தவிரும். விரலால் சுழற்றும்போது சுழலி விட்டுவிட்டுத் திரும்பினால் அது பழுதன்று, காந்தத்தின் இழுப்பே. ஆகவே புதுப் பம்பு வாங்குமுன் மின் இணைப்பை நீக்கி, நீரை வடித்து, வடிகட்டியைத் திறந்து பாருங்கள். சிக்கிய நாணயமோ பொத்தானோதான் குற்றவாளியாக இருக்கலாம்!