மருத்துவச்சியும் கருக்கலைப்புச் சட்டமும்

மரக்காணத்திலிருந்து புதுச்சேரிக்குச் செல்லும் கடற்கரைச் சாலையில் அனுமந்தை என்னும் ஊர் உள்ளது. இது உப்பளங்களைச் சார்ந்த கரை. உப்பு வாருவதும் சுமப்பதும் பெரிதும் நாட்கூலி வேலைகளே. மழைக்காலத்தில் அளங்களில் வேலை இராது. வேலைக்குப் போகாத நாளுக்குக் கூலியும் இராது. இத்தகைய வாழ்வில், தாங்க இயலாத நிலையில் கருவுற்ற பெண்ணொருத்தி முதலில் யாரை நாடுவாள்? இவ்வினாவை வரலாற்றின் துணைகொண்டு ஆராய்வோம்.

நம் கிராமங்களில் பேறுகாலப் பொறுப்பு மருத்துவச்சியிடமே இருந்துவந்தது. அவர் பெரும்பாலும் நாவிதர் குலத்துப் பெண். மூத்தவரிடமிருந்து இளையவர் உடனிருந்து கற்ற தொழில் அது. பிள்ளைப்பேற்றுக்கு அழைக்கப்பட்ட அவரே கருவைக் கலைப்பதற்கும் அணுகப்பட்டார். 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டமோ, தாயின் உயிரைக் காக்கும் நல்லெண்ணத்தோடு செய்யப்படாத கருக்கலைப்பை 312ஆம் பிரிவில் குற்றமாக்கிற்று. கலைத்தவரோடு, தானே கலைத்துக்கொண்ட பெண்ணும் தண்டனைக்குரியவளானாள். இதனால் கருக்கலைப்பு நின்றுவிடவில்லை, மறைவிடத்திற்குச் சென்றது. எருக்கங்குச்சி முதலியவற்றால் சீழ்பிடித்தும் குருதி பெருகியும் பெண்கள் மாண்டதை நாம் மறைக்கலாகாது. மருத்துவச்சியின் கை எப்போதும் பாதுகாப்பான கையாக இருக்கவில்லை.

எனினும் பெண்கள் ஏன் அவரையே நாடினர்? இக்கரைக்கு அண்மையிலுள்ள திண்டிவனம் இதற்கு விடை பகர்கிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஓரிரவு, பேறுகால வேதனையிலிருந்த மூன்று பெண்களுக்காக உதவி நாடி வந்தவர்கள், ஆண் மருத்துவரான மிஷனெரியின் உதவியை ஏற்க மறுத்தனர், மூவரும் இறந்தனர். அம்மிஷனெரியின் மகளாகிய ஐடா ஸ்கடர் மருத்துவம் கற்று, 1918இல் வேலூரில் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியை நிறுவியதை நம் சபைகள் நன்கு அறியும். பெண் மருத்துவர் வேண்டும் என்பதே இந்நிகழ்ச்சியிலிருந்து நாம் வழக்கமாகப் பெறும் பாடம். அறிவு மட்டும் போதாது, நம்பிக்கையும் வேண்டும் என்பது இதில் அடங்கிய மற்றொரு பாடம்.

1926ஆம் ஆண்டின் சென்னை மாகாணச் செவிலியர், மருத்துவச்சியர் சட்டம், பயிற்சி பெற்றவர்களைப் பதிவு செய்ய வழிவகுத்தது. வழிவழி வந்த மருத்துவச்சி அப்பதிவேட்டிற்கு வெளியே நின்றார். பின்னர் 1964இல் அமைக்கப்பட்ட சாந்திலால் ஷா குழு, மறைவில் நிகழும் கருக்கலைப்புகளால் விளையும் கேட்டை ஆராய்ந்து 1966இல் அறிக்கை அளித்தது. அதன் பயனாக 1971இல் இயற்றப்பட்ட மருத்துவ முறைக் கருக்கலைப்புச் சட்டம் 1972 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆயினும் இச்சட்டம் பதிவுபெற்ற மருத்துவருக்கு மட்டுமே வழி திறந்தது. பயிற்சி பெற்ற மருத்துவச்சிக்கும் திறக்கவில்லை.

செவிலியருக்கும் துணைச் செவிலியருக்கும் இவ்வுரிமையை நீட்டிக்க 2014இல் ஒரு வரைவு முன்வைக்கப்பட்டது. 2021ஆம் ஆண்டின் திருத்தம், குறிப்பிட்ட சில பிரிவினருக்குக் கால வரம்பை 20 வாரத்திலிருந்து 24 வாரமாக உயர்த்தியதேயன்றி அவ்வரைவின் கருத்தை ஏற்கவில்லை. தென்னாப்பிரிக்காவோ 1996ஆம் ஆண்டின் சட்டத்தாலேயே, பயிற்சி பெற்ற மருத்துவச்சியர் முதல் 12 வாரங்களுக்குள் இப்பணியைச் செய்ய இசைவளித்தது. உலக நலவாழ்வு நிறுவனமும் தொடக்கக் காலக் கருக்கலைப்பை இத்தகையோர் பாதுகாப்பாகச் செய்யக்கூடும் எனப் பரிந்துரைக்கிறது.

இன்று தமிழ்நாட்டில் ஏறக்குறைய எல்லாப் பேறுகளும் மருத்துவமனைகளிலேயே நிகழ்கின்றன. பழைய மருத்துவச்சி மறைந்துவருகிறார். வீடு தேடி வந்து பெண்களைப் பெயர் சொல்லி அழைப்பவர் கிராம சுகாதாரச் செவிலியரே. உப்பளத்துப் பெண் தன் இடரை முதலில் அவரிடம் கூறக்கூடும். அவரோ வேறிடம் அனுப்ப மட்டுமே இயலும்; அவ்வழிப்பயணத்தில் ஒரு நாட்கூலியும் ஒரு மறைபொருளும் இழக்கப்படும்.

கருக்கலைப்பின் நெறி குறித்து நம்மிடையே கருத்து வேற்றுமைகள் உண்டு. அவை எளிதில் தீர்வன அல்ல. ஆனால் மறைவில் மாண்ட பெண்களின் வரலாறு நம் அனைவருக்கும் பொதுவானது. நம்பிக்கை ஓரிடத்திலும் அறிவு வேறிடத்திலும் நின்றபோதெல்லாம் உயிர் இழந்தவள் பெண்ணே. அவ்விரண்டும் ஒரே கையில் சேர வேண்டும் என்பதே இவ்வரலாறு நம்முன் வைக்கும் கோரிக்கை.