வேதாளம் கேட்ட விலை

விக்கிரமாதித்தன் கதையின் வாயிலாக வேதாளத்தை நாம் இளமையிலேயே அறிந்திருக்கிறோம். 1870இல் அக்கதைகளை ஆங்கிலத்தில் எழுதிய ரிச்சர்டு பர்ட்டன் அதனை ‘வாம்பயர்’ என்றே குறித்தார். ஆயினும், ஐரோப்பியரின் வாம்பயர் கல்லறையினின்று எழுந்து குருதி பருகுவது. நமது வேதாளமோ சுடுகாட்டுப் பிணத்துள் புகுந்து பேசும் ஆவி. அதனை வசப்படுத்தினால் அரிய ஆற்றல்கள் கைகூடும் என்று பண்டைக் காலத்தில் சிலர் நம்பினர். அதற்கு விலையாகக் கேட்கப்பட்டது மனித உடல். அவ்விலையைக் கொடுப்பவர் யார் என்பதே பழைய நூல்கள் எழுப்பும் வினாவாகும்.

டில்லிக்கு வடக்கே, குருட்சேத்திரத்தை அடுத்துள்ள தானேசர், முற்காலத்தில் ஸ்ரீகண்ட நாட்டின் தலைநகராக விளங்கிற்று. ஹர்ஷர் 606 முதல் 647 வரை ஆண்டவர். அவர்தம் அவைப்புலவர் பாணர், அம்மரபின் முதல்வன் புஷ்யபூதியைப் பற்றி ஹர்ஷசரிதத்தில் ஒரு செய்தி கூறுகின்றார். பைரவாசாரியார் என்னும் தென்னாட்டுச் சைவத் துறவி, தேய்பிறைச் சதுர்த்தசி இரவில் ஒரு பிணத்தின் மார்பின்மீது அமர்ந்து, அதன் வாயில் தீ வளர்த்து, கரிய எள்ளைச் சொரிந்து வேள்வி இயற்றினார். மன்னன் வாளேந்திக் காவல் நின்றான். இடையூறாக எழுந்த நாகனை வென்றான். திருமகள் தோன்றி வரம் தர முன்வந்தபோது, தனக்கென ஒன்றும் வேண்டாது, துறவியின் விருப்பம் நிறைவேறவே வேண்டினான். அப்பெருந்தன்மையைப் போற்றியே அவனை அரச மரபின் முதல்வனாக்கினாள் திருமகள் என்பர் பாணர்.

அதே நூலில் மற்றொரு காட்சியையும் காண்கிறோம். ஹர்ஷரின் தந்தை பிரபாகரவர்த்தனர் நோயுற்றுக் கிடந்தபோது, உறவினர் தம் தசையையே அரிந்து வேள்வியில் இட்டனர். அரண்மனை இளைஞர் வெளிப்படையாக மனித ஊனை விற்றனர். திராவிடன் ஒருவன் தலையோட்டுக் காணிக்கையுடன் வழிபாட்டில் நின்றான். வெளி மாநிலங்களில் வாழும் நமக்கு இக்குறிப்பு புன்முறுவலைத் தரலாம். தொலைவிலிருந்து வந்தவனிடம் மறைவான ஆற்றல் உண்டென்று எண்ணுவது உலகியல்பன்றோ! இத்தனை செய்தும் மன்னர் பிழைக்கவில்லை.

11ஆம் நூற்றாண்டில் காசுமீரத்துச் சோமதேவர் இயற்றிய கதாசரித்சாகரமும் ஸ்ரீகண்ட நாட்டுக் கதையொன்றை உரைக்கின்றது. அரசன் ஆதித்தியப்பிரபனின் தேவி குவலயாவலி, நரமாமிசம் உண்டு வானிற் பறக்கும் வித்தை கற்றவள். அரசனும் அதனை விழைந்தான். குறித்த செய்தியோடு வருபவனைக் கொன்று சமைக்குமாறு மடைத்தொழிலாளிக்கு ஆணையிட்டு, பலபூதி என்னும் அந்தணனிடம் அச்செய்தியைச் சொல்லி அனுப்பினான். வழியில் எதிர்ப்பட்ட இளவரசன், பலபூதிக்கு வேறொரு பணியைத் தந்து, செய்தியைத் தானே கொண்டு சென்றான். அரசனும் அரசியும் உண்டது தம் மகனையே. பலபூதியை உயிருடன் கண்டபோதுதான் உண்மை விளங்கிற்று. அவனிடமே நாட்டை ஒப்படைத்துவிட்டு இருவரும் தீப்புகுந்தனர்.

இவற்றை நடந்த நிகழ்ச்சிகளாக நாம் கொள்ள வேண்டுவதில்லை. ஆனால் ஆற்றலைப் பற்றி அக்காலத்தார் என்ன எண்ணினர் என்பதற்கு இவை சான்றாகும். பிறனொருவனுக்காகத் தன் உயிரைப் பணயம் வைத்தவனுக்கு, கேளாமலே அரச மரபு வாய்த்தது. பிறனொருவன் உயிரை விலையாகக் கொடுக்கத் துணிந்தவனோ தன் மகனையே கொடுத்தான். மந்திரத்தை நம்பிய காலத்திலேயே அதன் விலையையும் கணக்கிட்டுப் பார்த்தவர்கள் நம் முன்னோர் என்பதை இவ்விரு நூல்களும் நமக்கு உணர்த்துகின்றன.