சிறுநீர்ப்பைக்குள் போன வெளிச்சம்

பெங்களூர் மல்லேஸ்வரத்தில் ‘பஞ்சவடி’ என்றொரு வீடு. திருச்சியில் பிறந்த சர் சி.வி. ராமனுடையது. 1933-இல் இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநராகப் பெங்களூருக்கு வந்தவர், 1970-இல் மறையும்வரை இந்த ஊர்க்காரராகவே இருந்தார். கல்கத்தாவில் 1928-இல் அவர் கண்டுபிடித்த ஒளிச்சிதறல், பின்னாளில் நோயாளிகளின் சிறுநீர்ப்பைக்குள்ளும் வேலை பார்த்திருக்கிறது.

அந்தப் பைக்குள் வெளிச்சம் நுழைந்தது அதற்கும் வெகு முன்னால். ஜெர்மன் மருத்துவர் மாக்ஸிமிலியன் நிட்சே 1879-இல் வியன்னாவில் தம் சிஸ்டோஸ்கோப்பைக் காட்டியபோது, எக்ஸ்ரே வர இன்னும் 16 ஆண்டுகள் இருந்தன. சிறுநீர்ப் பாதை வழியாக உள்ளே போகும் உலோகக் குழாய். நுனியில் மின்சாரத்தில் பழுத்து ஒளிரும் பிளாட்டினக் கம்பி. அது உள்ளே சுட்டுவிடாதபடி குழாய்க்குள் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். படுத்திருந்தவரின் தைரியத்தை மெச்சத்தான் வேண்டும்! சின்ன மின்விளக்குகள் வந்த பிறகே தண்ணீர்த் தொல்லை ஒழிந்தது.

அடுத்த திருப்பத்தில் ஓர் இந்தியர் இருக்கிறார். பஞ்சாபின் மோகாவில் பிறந்த நரிந்தர் சிங் கபானி, லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஹரால்ட் ஹாப்கின்ஸுடன் சேர்ந்து, கண்ணாடி இழைக் கற்றை வழியே படத்தைக் கடத்தலாம் என்று 1954-இல் காட்டினார். வளையும் குழாய்களுக்கு வழி பிறந்தது. வளையாத குழாய்க்குள் நீளக் கண்ணாடித் தண்டுகளை அடுக்கிப் படத்தைப் பளிச்சென்று ஆக்கியவரும் அதே ஹாப்கின்ஸ்தான்.

ஆனாலும் கண்ணுக்குத் தெரிவது மேற்பரப்பு மட்டுமே. சிவந்த இடம் புற்றா, வெறும் அழற்சியா? துணுக்குச் சதையைக் கிள்ளிப் பயாப்சிக்கு அனுப்பினால்தான் தெரியும். ராமன் வருவது இங்கேதான். பாயும் ஒளியில் ஏறத்தாழக் கோடியில் ஒரு துகள், மூலக்கூறில் பட்டு நிறம் மாறிச் சிதறுகிறது. பட்டது எந்த மூலக்கூறு என்பதை அந்த மாற்றத்தை வைத்தே சொல்லிவிடலாம். ராமனும் கே.எஸ். கிருஷ்ணனும் முதலில் சூரிய ஒளியையும் வண்ண வடிகட்டிகளையும் வைத்தே இதைப் பிடித்தார்கள். 1960-இல் பிறந்த லேசர் இந்த வேலையை எளிதாக்கியது. 2010-இல் நெதர்லாந்தின் உட்ரெக்ட் மருத்துவர்கள், நோயாளிகளின் சிறுநீர்ப்பைக்குள்ளேயே ராமன் அளவீடு எடுத்த ஆய்வை வெளியிட்டார்கள்.

அதே ஆண்டு அமெரிக்கா அனுமதித்த நீல ஒளி முறை, மருந்து ஏறிய கட்டியைச் சிவப்பாக ஒளிரவைக்கிறது. மருத்துவமனைக்குள் முந்திக்கொண்டது அதுதான். ராமன் முறை பெரும்பாலும் ஆய்வுக்கூடத்திலேயே நிற்கிறது.

சிறுநீரில் ஒரே ஒரு முறை, வலியே இல்லாமல் ரத்தம் வந்தாலும், அது புற்றின் அறிகுறியாக இருக்கலாம் என்பதால், ‘சரியாகிவிட்டது’ என்று விட்டுவிடாதீர்கள். யூராலஜி மருத்துவரைப் பாருங்கள்.