முக்காட்டுக்கு ஆதாரம் கேட்பவர்கள்

எங்கள் ரெட்டிபாளையம் அரியலூர் மாவட்டத்து சிமென்ட் ஊர். சுண்ணாம்புக்கல் லாரிகள் போகிற சாலையில் ஸ்கூட்டி ஓட்டும் பெண்கள் துப்பட்டாவால் தலை, முகம் எல்லாவற்றையும் சுற்றிக்கொண்டு கண்ணை மட்டும் விட்டிருப்பார்கள். களை எடுக்கப் போகிறவர்கள் தலையில் துண்டு இருக்கும். ஏலாக்குறிச்சி அடைக்கல மாதா கோயிலில் பூசை தொடங்கினால் முந்தானைகள் தலைக்கு ஏறும். பெரம்பலூர் பக்கம் லெப்பைக்குடிக்காடு போனால் புர்கா. இத்தனை துணிகளில் ஒன்றுக்கு மட்டும்தான் "இதுக்கு ஆதாரம் என்ன?" என்று கேட்கிறோம்.

2022இல் உடுப்பி அரசு மகளிர் பி.யூ. கல்லூரி மாணவிகள் வகுப்புக்கு வெளியே நிறுத்தப்பட்டபோது அந்தக் கேள்வி நாடு முழுக்கக் கேட்டது. நான் வேலை பார்க்கும் மென்பொருள் அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு மேசையிலும் அதே பேச்சு. "குர்ஆன்ல ஹிஜாப்னு இருக்கா, இல்லையா? இருந்தா காட்டு, இல்லன்னா கழட்டு." நான் முஸ்லிம் இல்லை, மார்க்க அறிஞனும் இல்லை. ஆனால் ஒரு விஷயம் உண்டா இல்லையா என்று பேசும்முன் போய்ப் பார்த்துவிட வேண்டும் என்பது என் தொழில் பழக்கம். போய்ப் பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் சொல் தேடல். 'ஹிஜாப்' என்ற சொல் குர்ஆனில் 7 இடங்களில் வருகிறது. ஒன்றில்கூட அது தலைத்துணி இல்லை. திரை, தடுப்பு என்ற பொருளில்தான் வருகிறது. நபியின் மனைவியரிடம் ஏதாவது கேட்பதானால் ஹிஜாபுக்குப் பின்னால் நின்று கேளுங்கள் என்று 33ஆம் அத்தியாயத்தின் 53ஆவது வசனம் சொல்வது வீட்டில் தொங்கும் திரையைத்தான். இதை மட்டும் பார்த்துவிட்டு "குர்ஆன்ல ஹிஜாபே இல்லையாம்" என்று ஃபார்வர்டு அனுப்புகிறவர்கள் உண்டு. கொஞ்சம் பொறுக்க வேண்டும். தலைத்துணிக்கு அரபியில் வேறு சொல் இருக்கிறது: கிமார். அதன் பன்மை 24ஆம் அத்தியாயத்தின் 31ஆவது வசனத்தில் வருகிறது.

அந்த வசனம் நம்பிக்கை கொண்ட பெண்களிடம் பேசுகிறது. பார்வையைத் தாழ்த்துங்கள், கற்பைக் காத்துக்கொள்ளுங்கள், கிமாரை மார்புப் பகுதியின் மேல் போட்டுக்கொள்ளுங்கள் என்கிறது. அன்றைய அரபுப் பெண்கள் தலைத்துணியின் முனைகளை முதுகுப்பக்கம் விட்டுவிடுவார்கள், கழுத்தும் நெஞ்சும் திறந்திருக்கும் என்று பழைய உரைகாரர்கள் விளக்குகிறார்கள். ஆக, வசனம் துணியைப் புதிதாகத் தலையில் ஏற்றவில்லை. ஏற்கெனவே இருக்கும் துணியை முன்பக்கம் இழுத்துவிடச் சொல்கிறது. இங்கேதான் வாசிப்பு பிரிகிறது. துணி தலையில் இருப்பதை வசனம் எடுத்துக்கொண்டே பேசுகிறது, எனவே தலையை மூடுவதும் கட்டளையில் அடக்கம் என்பது மரபான வாசிப்பு. தலைத்துணி அக்கால வழக்கம், கட்டளை மார்பை மறைப்பது பற்றியது என்பது முஹம்மத் அசத் போன்ற நவீன உரைகாரர்களின் வாசிப்பு.

இதோடு இன்னும் இரண்டு வசனங்களைச் சேர்த்துப் படிக்க வேண்டும். 33:59 பெண்கள் வெளியே போகும்போது மேலாடையைத் தம்மேல் இழுத்துவிடச் சொல்கிறது. அடையாளம் தெரிந்து தொல்லைக்கு ஆளாகாமல் இருக்க அது ஏற்றது என்று காரணமும் சொல்கிறது. திருமண வயதைக் கடந்த முதிய பெண்கள் மேலாடையைக் களைந்துவைப்பதில் குற்றமில்லை, களையாமல் இருப்பது நல்லது என்கிறது 24:60. சலுகை என்று ஒன்று கொடுத்தால் அதற்குமுன் ஒரு விதி இருந்திருக்க வேண்டும் என்பது சட்டம் படிக்காதவருக்கும் புரியும்.

அடுத்து ஹதீஸ். 24:31 இறங்கியபோது முஹாஜிர் பெண்கள் தங்கள் ஆடைகளைக் கிழித்துத் தலைமூடிக்கொண்டதாக ஆயிஷா சொன்னது புகாரியின் தொகுப்பில் இருக்கிறது. பருவம் அடைந்த பெண்ணுக்கு முகமும் கையும் தவிர வேறெதுவும் தெரியக்கூடாது என்று நபி அஸ்மாவிடம் சொன்னதாக அபூதாவூதில் ஓர் ஹதீஸ் உண்டு. ஆனால் இதை அறிவித்தவர் ஆயிஷாவைச் சந்தித்ததே இல்லை, தொடர் அறுந்திருக்கிறது என்று அபூதாவூதே அதன் கீழ் எழுதிவைத்திருக்கிறார். தன் தொகுப்பில் இருக்கும் செய்தியின் பலவீனத்தைத் தானே குறித்துவைக்கும் இந்த நேர்மையை நான் மிகவும் மதிக்கிறேன்.

சட்ட அறிஞர்கள் எதில் சண்டை போட்டார்கள் என்று பார்ப்பதும் உதவும். வெளியே தெரிவதைத் தவிர மற்ற அலங்காரத்தைக் காட்ட வேண்டாம் என்று 24:31 சொல்கிறது. வெளியே தெரிவது எது? முகமும் கையும் என்றார் இப்னு அப்பாஸ். மேலே போட்டிருக்கும் ஆடை மட்டும்தான் என்றார் இப்னு மஸ்ஊத். முகத்திரை வேண்டுமா வேண்டாமா என்று இன்றுவரை நடக்கும் விவாதத்தின் வேர் இது. முடியைப் பற்றி இந்த இருவருக்கும் இடையே கருத்து வேறுபாடு இல்லை. நம் கடற்கரை மரைக்காயர்கள் பெரும்பாலும் ஷாஃபி மத்ஹப், ராவுத்தர்கள் ஹனஃபி. முகத்தைப் பற்றி இரண்டுக்குள்ளும் பல சொற்கள் உண்டு. தலையைப் பற்றி மரபின் பெரும்பான்மை ஒரே குரலில்தான் பேசியிருக்கிறது.

ஆதாரம் இருக்கிறதா என்றால் இருக்கிறது. சரி, அதோடு கதை முடிந்ததா? இல்லை. அந்த மரபு தலைமூடச் சொன்னது எல்லாப் பெண்களுக்கும் இல்லை.

கலீஃபா உமர், தலையை மூடியிருந்த ஓர் அடிமைப் பெண்ணை அடித்து, சுதந்திரமான பெண்களைப் போல் வேஷம் போடாதே என்று கடிந்துகொண்டதாக 9ஆம் நூற்றாண்டு இப்னு அபீ ஷைபாவின் தொகுப்பில் செய்திகள் இருக்கின்றன. அடிமைப் பெண்ணுக்குத் தலைமூடல் கடமையில்லை என்றே மத்ஹபுகளின் சட்ட நூல்கள் எழுதின. இதை எதிர்த்தவரும் உண்டு. ஸ்பெயினின் கொர்தோபாவில் வாழ்ந்த இப்னு ஹஸ்ம் (994-1064) இறைவனின் கட்டளை ஒன்றுதான், சுதந்திரமானவளுக்கு ஒன்று அடிமைக்கு ஒன்று என்று கிடையாது என்று வாதிட்டார்.

இது இஸ்லாத்தோடு வந்த பழக்கமும் இல்லை. அதற்கு ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கும் மேல் முந்தைய அசீரியக் களிமண் பலகைச் சட்டத்தில் மணமான பெண் தெருவில் தலையை மூட வேண்டும், அடிமைப் பெண் மூடக் கூடாது, மூடினால் காதை அறுக்கலாம் என்று இருக்கிறது. தலைத்துணி அங்கே ஒரு பதவி. யாரைத் தொடக்கூடாது, யாரைத் தொட்டால் கேள்வி இல்லை என்று தெருவுக்குச் சொல்லும் அடையாளம்.

தமிழ் வாசகருக்கு இது புதிதாக இருக்காது. இன்று கன்னியாகுமரி மாவட்டமாக இருக்கும் பகுதியில் நாடார் பெண்கள் மாரை மூடுவதற்குப் பல ஆண்டுகள் அடிபட்டுப் போராடினார்கள். 1859இல் திருவிதாங்கூர் அரசு இறங்கி வந்தபோதும் மூடிக்கொள்ளலாம், ஆனால் உயர்சாதிப் பெண்களைப் போல மூடக்கூடாது என்றுதான் அறிவித்தது. உமரின் பிரம்பும் மகாராஜாவின் அறிவிப்பும் கிட்டத்தட்ட ஒரே வாக்கியம்.

சென்னை திருவல்லிக்கேணியில் இன்னொரு சாட்சி நிற்கிறது. இன்றைய அரசு கஸ்தூரிபா காந்தி மருத்துவமனையை வயதானவர்கள் இப்போதும் கோஷா ஆஸ்பத்திரி என்பார்கள். 1885இல் தொடங்கப்பட்ட அதன் அன்றைய ஆங்கிலப் பெயரில் கோஷாவுக்கு முன்னால் 'கேஸ்ட்' என்ற சொல்லும் இருந்தது. கோஷா முஸ்லிம் பெண்களும் உயர்சாதி இந்துப் பெண்களும் ஆண் மருத்துவர் முன் வரமாட்டார்கள் என்பதால் இருவருக்குமாக ஏற்பட்ட மருத்துவமனை. திரை மதத்துக்கு மட்டும் சொந்தமாக இருந்ததில்லை.

ஏலாக்குறிச்சி முந்தானைக்கும் ஆதாரம் உண்டு. பெண் தலையை மூடி ஜெபிக்க வேண்டும் என்று கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தின் 11ஆம் அதிகாரத்தில் பவுல் சொல்கிறார். 1917ஆம் ஆண்டு கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத் தொகுப்பு அதை விதியாகவே வைத்தது. 1983 தொகுப்பில் அந்த விதி இல்லை. ரோமில் விதி போய்விட்டது, ஏலாக்குறிச்சியில் முந்தானை போகவில்லை. மாறாக காயல்பட்டினம், கீழக்கரைப் பெண்கள் சேலைமேல் போர்த்திய வெள்ளைத் துப்பட்டி, வளைகுடா வேலைக் காலத்தில் கறுப்பு புர்காவுக்குப் பெருமளவு இடம்விட்டது. வசனத்தில் ஒரு எழுத்தும் மாறவில்லை. துணி மாறிவிட்டது. ஆதாரத்தை மட்டும் வைத்துப் பழக்கத்தை அளக்க முடியாது என்பதற்கு இந்த இரண்டும் போதும்.

ஆனால் நம் நீதிமன்றங்கள் அப்படித்தான் அளக்கின்றன. அந்த அளவுகோல் பிறந்த கதையைச் சொல்லியாக வேண்டும். 1951ஆம் ஆண்டு சென்னை மாகாண இந்து அறநிலையச் சட்டத்தை எதிர்த்து ஒரு மடம் வழக்குப் போட்டது. 1954இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரு மதத்துக்கு இன்றியமையாதது எது என்பதை முதன்மையாக அந்த மதத்தின் கோட்பாடுகளை வைத்தே அறிய வேண்டும் என்றது. மதத்துக்குள் அரசு கைவைக்காமல் இருக்கப் போட்ட வேலி அது. 1961இல் அஜ்மீர் தர்கா வழக்கில் அந்த வேலி திரும்பியது: மூடநம்பிக்கையாக ஒட்டிக்கொண்டவற்றை நீதிமன்றம் சலித்துப் பார்க்கும் என்றானது. அதன்பிறகு நீதிபதிகள் வேதம் படிக்க ஆரம்பித்தார்கள். அந்த முதல் வழக்கைப் போட்ட சிரூர் மடம் எங்கே இருக்கிறது தெரியுமா? உடுப்பியில். அன்று உடுப்பி சென்னை மாகாணத்தில் இருந்தது.

இப்போது முடிவுகளைப் பாருங்கள். வாக்காளர் பட்டியலில் கோஷா பெண்களின் புகைப்படம் வேண்டாம் என்று வந்த வழக்கை 2006இல் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. முகத்தை மறைப்பது இன்றியமையாததல்ல, தலையைத் துணியால் மூடுவது கடமை என்பதில் அறிஞர்கள் ஏறக்குறைய ஒருமித்திருக்கிறார்கள் என்று பதிவுசெய்தது. 2016இல் மருத்துவ நுழைவுத் தேர்வு வழக்கில் கேரள உயர் நீதிமன்றமும் தலைமூடலை இன்றியமையாததாக ஏற்றது. சோதனைக்கு முன்கூட்டியே வரச் சொல்லி மாணவியைத் தேர்வு எழுத அனுமதித்தது. 2022 மார்ச் 15இல் கர்நாடக உயர் நீதிமன்றம் இன்றியமையாததல்ல என்றது. ஒரே வசனங்கள், மூன்று நீதிமன்றங்கள், இருவேறு விடைகள். என் வேலையில் ஒரே இன்புட்டுக்கு இப்படி வேறு வேறு அவுட்புட் வந்தால் முதலில் ஃபங்ஷனைத்தான் சந்தேகப்படுவோம்.

கர்நாடகத் தீர்ப்பு அப்துல்லாஹ் யூசுஃப் அலியின் உரையைப் பிரதானமாக நம்பியது. தலைமூடாவிட்டால் தண்டனையோ பரிகாரமோ குர்ஆன் சொல்லவில்லை, ஆகவே அது பரிந்துரைதான் என்றும் வாதிட்டது. இந்த வாதம் எனக்கு ஒப்பவில்லை. தொழாதவருக்குக் குர்ஆன் எந்த உலகத் தண்டனையும் விதிக்கவில்லை. அதனால் தொழுகை பரிந்துரை ஆகிவிடுமா? தண்டனை இல்லாத கட்டளை என்றால் அது கட்டளையிட்டவருக்கும் கேட்டவருக்கும் நடுவில் இருக்கிறது என்று பொருள். நடுவில் போலீஸ் இல்லை.

போலீஸ் நடுவில் வந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஈரான் இருக்கிறது. 1936இல் ரெசா ஷா முக்காட்டைத் தடைசெய்தார், தெருவில் போலீஸ் துணியை உருவியது. 1983இல் இஸ்லாமியக் குடியரசு முக்காடு போடாவிட்டால் கசையடி என்று சட்டம் போட்டது. 47 ஆண்டுகளில் ஒரே நாட்டில் கழற்றவும் அடி, கழற்றினாலும் அடி. 2022 செப்டம்பர் 16இல், ஒழுக்கக் காவலர்கள் பிடித்துச்சென்ற 22 வயது மஹ்சா அமினி மருத்துவமனையில் இறந்தார். அந்தப் பெண்ணுக்காக அழுத என் நண்பர்கள் சிலர் உடுப்பியைப் பற்றி மட்டும் "அது வேற விஷயம்" என்றார்கள். உடுப்பி மாணவிகளுக்காகப் பேசிய சிலர் தெஹ்ரானைப் பற்றி வாயே திறக்கவில்லை. எனக்கு இரண்டும் ஒரே விஷயமாகத்தான் தெரிகிறது. 24:31 பெண்ணிடம் பேசுகிறது. அதற்கு முந்தைய 24:30 ஆணிடம், பார்வையைத் தாழ்த்து என்கிறது. இரண்டிலும் பேசப்படுகிறவர் நம்பிக்கை கொண்ட மனிதர். ஷாவும் காவலரும் கல்லூரி வாசலில் நிற்கிறவரும் அந்த உரையாடலில் இல்லை.

2022 அக்டோபர் 13இல் உச்ச நீதிமன்றம் இரண்டாகப் பிரிந்தது. நீதிபதி ஹேமந்த் குப்தா மாணவிகளின் மேல்முறையீட்டைத் தள்ளினார். நீதிபதி சுதான்ஷு தூலியா ஏற்றார். இன்றியமையாததா என்று வேதத்தில் தேடத் தேவையே இல்லை, அது அந்தப் பெண்ணின் தேர்வு என்று எழுதிய அவர், ஒரு துணிக்காகப் படிப்பை மறுப்பதால் அவளுடைய வாழ்க்கை மேம்படுகிறதா என்றும் கேட்டார். இதில் நான் தூலியா பக்கம். ஆதாரம் இருந்தால் போட்டுக்கொள், இல்லையென்றால் கழற்று என்று சொல்வது, அவள் தலைக்கு அவளைத் தவிர வேறு யாரோ சொந்தக்காரர் என்று முதலிலேயே முடிவுகட்டுவதுதான்.

வழக்கு பெரிய அமர்வுக்குப் போனது. வழக்குப் போட்ட மாணவிகள் பதினொன்றும் பன்னிரண்டும் படிக்கிற வயதை எப்போதோ கடந்துவிட்டார்கள்.