இரண்டு சென்டிமீட்டர்

கருப்பைவாய்ப் புற்றுக்கு ரேடியம் வைத்த தொடக்க காலத்தில் மருத்துவர்கள் எழுதிவைத்த கணக்கு, எத்தனை மில்லிகிராம், எத்தனை மணி நேரம் என்பதுதான். அது ரேடியத்தின் கணக்கு. அந்தப் பெண்ணின் உடல் எவ்வளவு வாங்கியது என்பது அதில் இல்லை.

1938இல் மான்செஸ்டரில் மார்கரெட் டாட் என்ற பெண் மருத்துவரும் இயற்பியலாளர் மெரிடித்தும் கணக்கை உடலுக்குள் கொண்டுவந்தார்கள். யோனியின் மேல்வளைவிலிருந்து 2 சென்டிமீட்டர் மேலே, கருப்பைக் குழலிலிருந்து 2 சென்டிமீட்டர் பக்கவாட்டில் ஒரு புள்ளி: ‘ஏ’. அங்கே சேரும் கதிரே இனி அளவு. பெரிய முன்னேற்றம்தான். ஆனால் கட்டி நெல்லிக்காயளவா, எலுமிச்சையளவா என்று அந்தப் புள்ளி கேட்காது. சிறியதென்றால் சிறுநீர்ப்பையும் மலக்குடலும் தேவைக்கு மேல் கதிர் வாங்கும். பெரியதென்றால் ஓரத்தில் நோய் தங்கும்.

சகோதரியைப் புற்றுக்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டி, மாதர் சங்கத்தின் துணையோடு 1954இல் அடையாறில் 12 படுக்கைகளுடன் மருத்துவமனை திறந்தார். சாமல்பட்டிப் பெண்ணுக்கு ரயிலேறினால் அது. எல்லை தாண்டினால் 1973இல் தொடங்கிய பெங்களூரு கித்வாய். இரண்டுமே தூரம்தான். கதிர் சிகிச்சையோ வாரக்கணக்கில் நீளும், கூலி நிற்கும்.

2005இல் ஐரோப்பிய மருத்துவர் குழு எம்.ஆர்.ஐ. படத்தில் அவரவர் கட்டியை வரைந்து, மீதமிருக்கும் கட்டிக்கேற்பக் கதிரை வடிவமைக்கும் வழிமுறையை வெளியிட்டது. அதைச் சோதித்த பன்னாட்டு ஆய்வில் மும்பை டாடா நினைவு மருத்துவமனையும் சேர்ந்தது. எம்.ஆர்.ஐ. எட்டாத இடங்களில் இன்றும் டாடின் புள்ளிதான்.